எல்டிஎல் நார்மல், ஆனாலும் மாத்திரை: சிறுநீரக நோயில் எதைத் தேர்ந்தெடுப்பது?

போன மாதம் சித்தி தன் ரத்தப் பரிசோதனைத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முடிப்பதற்குள் போனே வந்துவிட்டது. "மொத்தக் கொலஸ்ட்ரால் 179தானேப்பா இருக்கு? இருநூறுக்குள்ள இருந்தா நார்மல்னு தாள்லயே போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதுறார்?" அதோடு இன்னொரு கேள்வியும் வந்தது. சிறுநீரகத்துக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அந்த மாத்திரைக்குப் பதிலாக விட்டமின் ஈ கேப்சூலும் மீன் எண்ணெயும் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டார். கேப்சூல் ஒரு டப்பா வாங்கியும் வைத்துவிட்டார்.

சித்திக்கு வயது 58. பல வருஷமாகச் சர்க்கரை நோய். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 2.1, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் 27. அதாவது நாள்பட்ட சிறுநீரக நோயின் நான்காம் நிலை, டயாலிசிஸுக்கு முந்தைய கட்டம். கொழுப்புக் கணக்கு இப்படி இருந்தது: கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எல்டிஎல் 96, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லும் எச்டிஎல் 33, இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 248.

நான் மருத்துவர் இல்லை. அப்பா டயாலிசிஸில் இருந்த வருஷங்களில் அவருக்காகப் படிக்க ஆரம்பித்தவன். அப்போது நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்ட விஷயங்களைச் சித்தியும் அப்படியே புரிந்துகொள்ளக் கூடாது என்பதால், அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'நார்மல்' விஷயம். சிறுநீரகம் தளரும்போது எல்டிஎல் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஏறுவது ட்ரைகிளிசரைடு, இறங்குவது எச்டிஎல். ரத்தத்தில் மிதக்கும் ட்ரைகிளிசரைடைப் பிரித்தெடுத்துத் திசுக்களுக்குக் கொடுக்கும் நொதிக்கு லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்று பெயர். சிறுநீரக நோயில் அது மந்தமாகிவிடும். அந்த நொதியைத் தடுக்கும் அப்போசி-3 என்ற புரதமும் கூடவே அதிகமாகிறது. அதனால் கொழுப்புத் துகள்கள் பாதி செரித்த நிலையில் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எச்டிஎல் அளவு குறைவது ஒரு பக்கம் என்றால், இருக்கிற எச்டிஎல்லும் தன் வேலையைச் சரியாகச் செய்யாதது இன்னொரு பக்கம். ஆக, எல்டிஎல் 96 என்பதை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்துப் பார்த்தால் சித்திக்கு 146 வருகிறது. அது அவ்வளவு நிம்மதி தரும் எண் இல்லை. சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகும் நெஃப்ரோடிக் நிலையில் கதை வேறு, அங்கே எல்டிஎல்லும் கடுமையாக ஏறும்.

அப்புறம் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். பேர் பயமுறுத்தினாலும் விஷயம் நம் சமையலறையில் இருப்பதுதான். பலகாரம் சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுபடி மறுபடி காய்ச்சினால் சிக்கு வாடை வருமே, அது எண்ணெயிலுள்ள கொழுப்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுப்போவதன் அடையாளம். கிட்டத்தட்ட அதே மாதிரியான வேதிவினை நம் ரத்தத்தில் எல்டிஎல் துகளுக்கும் நடக்கிறது. அப்படிக் காறிப்போன எல்டிஎல்லை ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள வெள்ளணுக்கள் வயிறு முட்ட விழுங்கி, கொழுப்புப் படிவமாக மாறுகின்றன. சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் எல்டிஎல் துகள்கள் சிறியதாகவும் அடர்த்தியாகவும் இருப்பதால் அவை சுலபத்தில் சுவருக்குள் நுழையும், சுலபத்தில் காறவும் செய்யும். வெளியேற முடியாமல் தேங்கும் கழிவு நச்சுகள், சர்க்கரை, ஓயாத அழற்சி எல்லாம் சேர்ந்து அடுப்பை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால், ரத்தம் செயற்கைச் சவ்வில் உரசுவதும், நரம்பு வழியாக ஏற்றும் இரும்புச்சத்தும் அதைக் கூட்டும். விட்டமின் சி போன்ற பாதுகாப்புப் பொருள்களும் டயாலிசிஸில் கரைந்து போய்விடும்.

இதையெல்லாம் கேட்டால், "சரி, காறாமல் இருக்க ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் ஆச்சு" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். சித்தியின் நிலையில் இருப்பவர்களுக்கு இதில்தான் கெட்டியான ஆதாரம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டிலிருந்து நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஷார்ப் ஆய்வில் சுமார் 9,270 சிறுநீரக நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 6,247 பேர் டயாலிசிஸுக்குப் போகாதவர்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 20 மில்லிகிராமும், எஸெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்து 10 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை போன்ற நிகழ்வுகள் 17 சதவீதம் குறைந்தன. இந்த 17-ஐப் பெரிதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முழுக் கணக்கையும் சொல்கிறேன். ஏறக்குறைய ஐந்து வருஷத்தில், மாத்திரை எடுக்காதவர்களில் 13.4 சதவீதத்தினருக்கும் எடுத்தவர்களில் 11.3 சதவீதத்தினருக்கும் அந்த நிகழ்வுகள் வந்தன. நூறு பேர் ஐந்து வருஷம் சாப்பிட்டால் இரண்டு பேர் தப்பிக்கிறார்கள். ஒரு மலிவான மாத்திரைக்கு அது நல்ல பலன் என்றே நான் நினைக்கிறேன்.

அதே ஆய்வு இன்னொன்றையும் தெளிவாகக் காட்டியது. ஸ்டாட்டின் சிறுநீரகத்தைக் காப்பாற்றவில்லை. டயாலிசிஸுக்குப் போகும் வேகம் குறையவே இல்லை. 'கிட்னிக்கான மாத்திரை' என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டு, கிரியாட்டினின் ஏறியதும் ஏமாந்து நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்குமான மாத்திரை. சிறுநீரக நோயாளிகளில் நிறையப் பேர் டயாலிசிஸ் வரும் முன்பே இதய நோயில் இறந்துவிடுகிறார்கள் என்பதால்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

இதனால்தான் உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ அமைப்பின் 2013 வழிகாட்டுதல், எல்டிஎல் எண்ணை வைத்து முடிவெடுப்பதையே விட்டுவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல், இஜிஎஃப்ஆர் 60-க்குக் கீழ், டயாலிசிஸ் இல்லை என்றால் ஸ்டாட்டின், அல்லது ஸ்டாட்டினும் எஸெட்டிமைபும். எல்டிஎல் 96 ஆனாலும் 136 ஆனாலும் அதேதான். ஐம்பதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு சர்க்கரை நோய், இதய நோய், பக்கவாதம் போன்றவை இருந்தால் மட்டும். சித்தியின் கேள்விக்கான பதில் இதில் வந்துவிட்டது. டாக்டர் எல்டிஎல்லுக்காக மாத்திரை எழுதவில்லை. வயதையும் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்த்து எழுதியிருக்கிறார்.

எந்த ஸ்டாட்டின் என்பதிலும் வித்தியாசம் உண்டு. அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எந்த நிலையில் இருந்தாலும் அளவை மாற்ற வேண்டியதில்லை. 20 மில்லிகிராம்தான் வழக்கம். ரோசுவாஸ்டாட்டின் எல்டிஎல்லைக் குறைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் சித்தியைப் போல 30-க்குக் கீழ் போனவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்கி 10-ஐத் தாண்டக் கூடாது. சர்க்கரை நோயும் சிறுநீரில் புரதமும் உள்ளவர்களிடம் இரண்டையும் ஒப்பிட்ட பிளானட் ஆய்வில், அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் புரத இழப்பு குறைந்தது, ரோசுவாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. சிம்வாஸ்டாட்டினில் ஒரு சிக்கல்: ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் அதை 20 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. நம் ஊரில் சிறுநீரக நோயாளிகளில் அம்லோடிபின் சாப்பிடாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சித்திக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20தான் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. டாக்டர் எழுதியிருந்ததும் அதுவே.

பயம் என்று பார்த்தால் தசை வலி. புதிதாக, காரணமில்லாமல், இரண்டு தொடையிலும் வலி வந்தாலோ சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சளிக்கோ வயிற்றுப் புண்ணுக்கோ கிளாரித்ரோமைசின் எழுதினால், ஸ்டாட்டின் சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது ரத்தத்தில் ஸ்டாட்டின் அளவை ஏற்றிவிடும்.

ட்ரைகிளிசரைடு 248 இருக்கிறதே, அதற்கு ஃபீனோஃபைப்ரேட் கேட்கலாமா? சாதாரண ஆளுக்கு யோசிக்கலாம். சித்திக்குக் கூடாது. அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, கிரியாட்டினினையும் ஏற்றும். நான்காம் நிலையில் அது உடம்பிலேயே தேங்கும். அதே வகையைச் சேர்ந்த ஜெம்ஃபைப்ரோசிலை ஸ்டாட்டினோடு சேர்ப்பது அதைவிட மோசம், தசை சிதைந்துபோகும் ஆபத்து உண்டு. 248-ஐச் சாப்பாட்டிலேயே இறக்கலாம்: சோற்றின் அளவு, காபிக்குப் போடும் சர்க்கரை, ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பிடுவது, இந்த மூன்றைத் தொட்டாலே எண் அசையும். சர்க்கரை கட்டுக்குள் வந்தாலும் கூடவே இறங்கும்.

இனி நான் அப்புறம் வருகிறேன் என்று சொன்ன ஆன்டிஆக்ஸிடன்ட்.

இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இஸ்ரேலில் 2000-இல் வெளியான ஸ்பேஸ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்த 196 ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினமும் 800 யூனிட் விட்டமின் ஈ கொடுத்தார்கள். இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் பாதியாகக் குறைந்தன. 2003-இல் ஜெர்மனியில் 134 பேரிடம் அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்த ஆய்விலும் நிகழ்வுகள் குறைந்தன, ஆனால் இறப்பு குறையவில்லை. இந்த இரண்டையும் படித்தபோது எனக்குள் எழுந்த நம்பிக்கை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இரண்டுமே சின்ன ஆய்வுகள், இரண்டுமே டயாலிசிஸ் நோயாளிகள். டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருந்த 993 பேரை ஹோப் ஆய்வுக்குள் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, 400 யூனிட் விட்டமின் ஈ ஒரு பலனும் தரவில்லை. சித்தி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்.

பலன் இல்லாவிட்டால் பரவாயில்லை, கெடுதல் இல்லையே என்று கேட்கலாம். அங்கேதான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கனடாவில் சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த டிவைன் ஆய்வு 2010-இல் வெளியானது. வெறும் பி விட்டமின்கள்தான். அவற்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அதிகமாக வந்தன. பார்டாக்ஸலோன் கதை இன்னும் பெரியது. உடம்பின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் அமைப்பையே முடுக்கிவிடும் மருந்து அது, இஜிஎஃப்ஆரும் ஏறியது. சர்க்கரை நோயோடு நான்காம் நிலையில் இருந்த 2,185 பேரிடம் நடந்த பீக்கன் ஆய்வை 2012 அக்டோபரில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. காகிதத்தில் அழகாகத் தெரிகிற ஒரு காரணம் உடம்புக்குள் போனதும் எப்படித் திரும்பும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

விட்டமின் சி பற்றி எங்கள் வீட்டு அனுபவமே உண்டு. அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய புதிதில், யாரையும் கேட்காமல் தினமும் 1,000 மில்லிகிராம் விட்டமின் சி கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் கழித்து மருந்துப் பையைப் பிரித்துப் பார்த்த சிறுநீரக மருத்துவர் அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். விட்டமின் சி உடம்பில் ஆக்ஸலேட்டாக மாறும், வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது திசுக்களில் படியும் என்று அவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் அம்மா அதைத் தினமும் எண்ணி எண்ணிக் கொடுத்தார்.

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெயில் எதைக் கலந்தாலும் அது காறத்தான் செய்யும். அடுப்பைத் தணிப்பதற்கான வழிகள் ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பேரில் விற்கப்படுவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை. அதோடு, சித்தி போன்றவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது, சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை. 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேரிடம், சிறுநீரகம் பாதிக்கு மேல் சரிவது, டயாலிசிஸ், சிறுநீரக அல்லது இதய மரணம் எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைந்தன. இஜிஎஃப்ஆர் 25 வரை உள்ளவர்களை அதில் சேர்த்தார்கள். சித்தி 27-இல் நிற்கிறார், தள்ளிப்போட நேரமில்லை. அந்த மருந்தின் காப்புரிமை 2020-இல் முடிந்ததால் இந்தியாவில் இப்போது ஜெனரிக் மாத்திரைகள் நிறையக் கிடைக்கின்றன. கூடுதலாக ஒரு மாத்திரைக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால், விட்டமின் ஈ வாங்குவதற்கு முன் இதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் கடையில் வாங்கும் கேப்சூல் ஒன்றிரண்டில் இருக்கும் ஒமேகா-3 அதற்குப் போதாது. சித்தி மீன் சாப்பிடுகிறவர், வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வைக்கலாம். கருவாடு வேண்டாம், உப்பு. ஊறுகாயும் அப்பளமும் அதே கணக்கு. உப்பு குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் இருப்பது பொட்டாசியம், சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்லி இளநீரும் பழச்சாறும் குடிப்பதிலும் அதே பொட்டாசியம்தான் பிரச்சினை.

டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு மேலே ஸ்டாட்டின் பற்றிச் சொன்ன கணக்கு மாறிவிடுகிறது. ஜெர்மனியில் 1,255 பேரிடம் நடந்து 2005-இல் வந்த ஃபோர்-டி, 2,776 பேரிடம் நடந்து 2009-இல் வந்த அரோரா, இரண்டு ஆய்வுகளிலும் ஸ்டாட்டின் எல்டிஎல்லை 40 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. ஆனால் மாரடைப்பும் மரணமும் சொல்லும்படி குறையவில்லை. டயாலிசிஸ் நோயாளியின் இதயம் நிற்பது பெரும்பாலும் கொழுப்பு அடைப்பால் இல்லை. இதயத் துடிப்புக் கோளாறு, தடித்த இதயத் தசை, சுண்ணாம்பு படிந்த குழாய்கள்தான் அங்கே முன்னால் நிற்கின்றன. அதனால் டயாலிசிஸில் இருக்கும்போது புதிதாக ஸ்டாட்டின் தொடங்க வேண்டாம், முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தொடரலாம் என்கிறது கேடிகோ. எனவே தொடங்குவதென்றால் இப்போதே தொடங்க வேண்டும். சித்திக்கு நான் அவசரப்படுத்தியதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு, திரவத்திலுள்ள குளுக்கோஸ் உடம்புக்குள் போவதால் ட்ரைகிளிசரைடு இன்னும் ஏறும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே வாங்கிக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு ஸ்டாட்டின் மறுபடி பொருத்தமாகிறது. ஆனால் உடம்பு புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் சாப்பிட்டால் சிம்வாஸ்டாட்டின் கூடவே கூடாது, ஃப்ளூவாஸ்டாட்டின் அல்லது பிரவாஸ்டாட்டின் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது.

அப்பா விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு வருஷத்தில் அவருடைய கொலஸ்ட்ரால் 118-க்கு இறங்கியது. நாங்கள் சந்தோஷப்பட்டோம், சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னோம். டயாலிசிஸ் மையத்தில் இருந்த உணவு ஆலோசகர்தான் அந்தத் தாளில் ரத்தத்திலுள்ள புரதமான ஆல்புமின் இருந்த வரியைக் காட்டினார். 2.9, குறைவு. அப்பா சாப்பிடுவதையே விட்டுக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் நோயாளிக்குக் கொலஸ்ட்ரால் தானாக இறங்கினால், அது பெரும்பாலும் சத்து வற்றிப்போவதன் அறிகுறி. அப்படி இறங்கியவர்கள்தான் சீக்கிரம் போகிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் கூடாது, முட்டை கூடாது என்று நாங்களே அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலம் அம்மா இரண்டு முட்டை அவித்து, வெள்ளையை மட்டும் எடுத்து மிளகுத்தூள் தூவி அப்பாவுக்குக் கொடுத்தார்.

சித்தி இப்போது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அட்டோர்வாஸ்டாட்டின் 20 போட்டுக்கொள்கிறார். விட்டமின் ஈ டப்பாவைப் பிரிக்கவே இல்லை, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதத்தில் மறுபடி எல்டிஎல் பார்க்க வேண்டுமா என்று கேட்டார். மாத்திரையின் அளவு எண்ணைப் பொறுத்து மாறப் போவதில்லை என்பதால் அவசியம் இல்லை, சிறுநீரில் போகும் புரதத்தையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வரும் 14-ஆம் தேதி சிறுநீரக மருத்துவரிடம் போகிறோம். டாபாக்ளிஃப்ளோசின் என்ற பேரைச் சித்தி காலண்டரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.